ரன் முழுக்கப் பாடம், நடுவில் இறக்கிவிட்டால் வழி தெரியவில்லை. மூளையில் என்ன கோளாறு?

நெல்லியடியான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்டும் உரிமத்துக்காக நாலெட்ஜ் படிக்கிறேன், இது இரண்டாவது வருடம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேரிங் கிராஸிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஆறு மைலுக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்கள் இருக்கின்றன. அவ்வளவும் தலைக்குள் இருக்க வேண்டும். படிப்பதற்கு வசதியாக 320 ரன்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ரன் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் குறுகிய பாதை. அதன் இரு முனைகளிலும் கால் மைலுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி, தேவாலயம், கிளப், பொலிஸ் நிலையம், சிலை எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பெயர் பாயின்ட்.

முக்கியமான பரீட்சை வாய்மொழிப் பரீட்சை. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பரீட்சகர் முன்னால் இருக்க, அவர் இரண்டு இடங்களின் பெயரைச் சொல்லுவார். இரண்டும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, தெருத் தெருவாகப் பாதையை ஒப்புவிக்க வேண்டும். மேசையில் வரைபடம் கிடையாது. நான் இப்போது 56 நாட்களுக்கு ஒரு தடவை கூப்பிடும் கட்டத்தில் இருக்கிறேன்.

என்னுடைய பிரச்சினை இதுதான். முதலாவது ரன் மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் சதுக்கம். நித்திரையிலும் சொல்லுவேன். இடப்பக்கம் கிரீன் லேன்ஸ், வலம் பிரவுன்ஸ்வுட் ரோட், இடம் பிளாக்ஸ்டாக் ரோட், நேரே ஹைபரி பார்க். எல்லா ரன்னையும் இப்படித்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் போன முறை பரீட்சகர் ஹைபரி பார்க்கின் நடுவில் ஓரிடத்தைச் சொல்லி, அங்கிருந்து கிழக்கே இருக்கும் இன்னோரிடத்துக்குப் போகச் சொன்னார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. தேவாரத்தை நடு அடியிலிருந்து சொல்லச் சொன்னால், முதலடிக்கு ஓடிப்போய் அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவோமே, அதைத்தான் மனதுக்குள் செய்துகொண்டிருந்தேன். பிரவுன்ஸ்வுட் ரோட்டைத் தாண்டுவதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார்.

இதற்கு முன்னால் 11 வருடம் மினிகேப், அதாவது கூப்பிட்டால் வரும் வாடகைக் கார், ஓடினேன். வழிகாட்டிப் பெட்டிக்குள்ளிருந்து வரும் பெண் குரல் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். 11 வருடம் ஓடிய நகரத்தில் எனக்கு நூறு தெருவின் பெயர்கூடத் தெரியாது என்பது மொபெட்டில் ஏறிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

இதே நான்தான் தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத ஊரில், மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, அமாவாசை இருட்டில் எந்த ஒழுங்கைக்குள்ளாலும் புகுந்து வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தவன். யாரும் சொல்லித்தரவில்லை, கொப்பியில் எழுதிப் படிக்கவும் இல்லை.

நாலெட்ஜ் படித்தால் மூளையில் ஒரு பகுதி பெருக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்லுகிறார்கள். உண்மையா? 11 வருடம் அந்தக் குரலைக் கேட்டு என் மூளை பழுதாகிவிட்டதா? அல்லது 44 வயதுதான் காரணமா? தெரிந்தவர்கள் விளங்கும்படி சொல்லுங்கள்.

பச்சை வில்லை எழுதியது:

தம்பி, நான் 19 வருடமாகப் பச்சை வில்லை, அதாவது நாலெட்ஜ் தேறியவருக்குக் கொடுக்கும் டாக்சிக்காரர் வில்லை, போட்டு ஓடுகிறேன். மூளை விஷயம் எனக்குத் தெரியாது. சுவரில் பெரிய லண்டன் வரைபடம் ஒட்டியிருக்கிறீரா? நூல் பிடிக்கிறீரா? இரண்டு பாயின்டுக்கும் நடுவில் நூலை இழுத்துப் பிடித்து, அந்த நேர்கோட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தெரு ஓடுகிறது என்று பார்க்கும். ரன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்புவிக்கிற ஆட்கள் எல்லோரும் நீர் விழுந்த இடத்தில்தான் விழுவார்கள். நானும் விழுந்தேன்.

மின்முனை எழுதியது:

தம்பி, நான் 29 வருடம் ஈ.ஈ.ஜி. அறையில், அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் அறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. தலைமுடியை வகிடு பிரித்து, தோலைத் தேய்த்து, பசை வைத்து, மின்முனை ஒட்டி, தாளில் கோடு ஓடுவதையும் பிறகு கணினித் திரையில் ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவள். அதனால் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் அவருக்கு டி.டி. என்று மட்டும்தான் பெயர். உங்களைப் போல நாலெட்ஜ் படித்துத் தேறி, லண்டனில் பல பத்தாண்டுகள் டாக்சி ஓட்டியவர். பிறகு ஒரு மூளை அழற்சியில் அவருடைய ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் சேதமாகிவிட்டது. காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறிய உறுப்பு அது. வெட்டி எடுத்து வைத்தால் கடற்குதிரை மாதிரி வளைந்திருக்கும் என்பதால் அந்தப் பெயர். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த எலினோர் மக்வாயர் குழுவினர் அவரைச் சோதித்து 2006இல் எழுதினார்கள். லண்டன் மையத்தை அச்சு அசலாக வரைந்திருந்த ஒரு கணினி விளையாட்டில் அவரை ஓட்டவிட்டார்கள்.

என்ன ஆனது என்று நினைக்கிறீர்கள்? கட்டடங்களை அடையாளம் சொன்னார். எது எந்தப் பக்கம் என்று சொன்னார். ஏ ரோடு என்று நீங்கள் சொல்லும் பெரிய சாலைகளில் நன்றாகவே ஓட்டினார். அந்தப் பெரிய சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் போக வேண்டிய இடம் வந்ததும் தொலைந்துபோனார். பல பத்தாண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய பெரிய சாலைகள் முதுகெலும்பு மாதிரி மிச்சம் இருந்தன, அதிலிருந்து நரம்புகள் மாதிரிப் பிரியும் உள்தெருக்கள் போய்விட்டன.

உடனே பயப்படாதீர்கள், உங்கள் கடற்குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், வழி தெரிவது என்பது ஒரே திறமை இல்லை என்று காட்டத்தான். குறைந்தது இரண்டு ஏற்பாடுகள் தலைக்குள் ஓடுகின்றன. மான்ட்ரியலில் 2003இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். கணினித் திரையில் எட்டு கைகள் பிரியும் ஒரு புதிர்வழி. சில கைகளின் முடிவில் பரிசு இருக்கிறது. ஏறத்தாழப் பாதிப்பேர் சுற்றியிருந்த மலை, மரம் எல்லாவற்றையும் பார்த்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தொடங்கிய இடத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இதை விடு அதில் போ என்று பாட்டுப் போல மனதில் வைத்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்தாருக்கு ஹிப்போகாம்பஸ் வேலை செய்தது. எண்ணியவர்களுக்கு காடேட் என்கிற இன்னொரு பகுதி. சைக்கிள் ஓட்டுவது, பூட்டைத் திருகுவது போன்ற பழக்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் அமைப்பைச் சேர்ந்தது அது. கவனியுங்கள், பழகப் பழக முதல் கூட்டத்திலும் சிலர் எண்ணிக்கைக்கு மாறிவிட்டார்கள். மூளைக்கு அதில் செலவு குறைவு.

உங்கள் தேவாரம் அந்த இரண்டாவது வகை. தப்பில்லை. மேனர் ஹவுஸில் ஏறுபவர் கிப்சன் சதுக்கத்தில் இறங்கும்வரை அது போதும். நடுவில் ஏறுபவருக்குப் போதாது.

அந்தப் பெட்டிக் குரலைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 24 பேரை சோஹோ தெருக்களில் நடக்கவிட்டுப் பழக்கி, பிறகு ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, அதே தெருக்களைப் படமாக ஓட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஹியூகோ ஸ்பியர்ஸ் குழுவின் வேலை இது, வெளிவந்த ஆண்டு 2017. தாங்களாக வழி தேடியபோது, புதுத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஹிப்போகாம்பஸ் துள்ளியது. எத்தனை தெருக்கள் பிரிகின்றனவோ அதற்குத் தக்கபடி துள்ளலும் கூடியது. ஏழு தெரு கூடும் செவன் டயல்ஸ் மாதிரி இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வழிகாட்டிக் கருவி சொன்னபடி போனபோது அந்தத் துள்ளல் எதுவும் இல்லை. 11 வருடம் உங்கள் ஹிப்போகாம்பஸ் பின் ஸீட்டில் தூங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போனதாக யாரும் காட்டவில்லை.

கருவியை நம்பி ஓட்டுபவர்களின் நினைவு மங்குகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. 50 ஓட்டுநர்கள், அவர்களில் 13 பேரை மட்டும் மூன்று வருடம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். அதிகம் நம்பியவர்களுக்குச் சரிவும் அதிகம். 13 பேரை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரேயடியாகத் தூக்கி எறியவும் மாட்டேன்.

இதெல்லாம் மனித மூளையில் எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்பார்கள். அதில்தான் என் வேலை வருகிறது, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். மண்டையோட்டின் மேல் ஒட்டும் மின்முனைக்கு ஹிப்போகாம்பஸ் எட்டாது. மிக ஆழத்தில் இருக்கிறது. எலிக்குள் கம்பி இறக்கலாம். லண்டனில் ஜான் ஓகீஃப் அப்படித்தான் 1971இல் இடச் செல்களைக் கண்டார். எலி பெட்டியின் ஒரு மூலைக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், இன்னொரு மூலைக்கு வந்தால் வேறொரு செல் துடிக்கும். மனிதனுக்குள் யார் கம்பி இறக்குவார்கள்?

இறக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்பு. அறுவை செய்வதற்கு முன், வலிப்பு எந்தப் புள்ளியில் பிறக்கிறது என்று பார்க்க, மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் இறக்கி, நோயாளியை வார்டில் நாட்கணக்கில் படுக்க வைப்பார்கள். மருந்தைக் குறைப்பார்கள். ஆஸ்பத்திரியிலேயே நோய் வரட்டும் என்று எல்லோரும் காத்திருக்கும் ஒரே வார்டு அதுதான். வந்தால் பதிவாகும், பதிவானால் வீட்டுக்குப் போகலாம். தலையில் பெரிய கட்டோடு, கட்டிலை விட்டு இறங்க முடியாமல், எத்தனை நேரம்தான் ஜன்னலைப் பார்ப்பது? எங்கள் வார்டில் சீட்டுக்கட்டு ஓடும். அமெரிக்காவில் அப்படிக் காத்திருந்த ஏழு பேரிடம் மடிக்கணினியைக் கொடுத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். என்ன விளையாட்டு தெரியுமா? டாக்சி ஓட்டுவது! கற்பனை ஊரில் பயணியை ஏற்றி, கேட்ட கடையில் இறக்க வேண்டும். அவர்கள் ஓட்ட ஓட்ட, ஊரின் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் ஹிப்போகாம்பஸில் அகப்பட்டன. குறிப்பிட்ட கடை கண்ணில் பட்டால் துடிக்கும் செல்கள் அதன் பக்கத்துப் பகுதியில் அதிகம் இருந்தன. 2003இல் நேச்சர் இதழில் வந்தது. இருட்டில் போத்தலோடு நீங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எது துடித்தது என்று யாரும் அளக்கவில்லை, ஆனால் இந்தச் சாமான்தான் துடித்திருக்கும் என்பது என் ஊகம்.

நார்வேயில் மோசர் தம்பதி 2005இல் கண்ட கட்டச் செல்களையும் சொல்லியாக வேண்டும். ஹிப்போகாம்பஸுக்கு வாசல்படி போல ஒரு மூளைப் பகுதி இருக்கிறது. அங்கே ஒரே செல் பல இடங்களில் துடிக்கும். அந்த இடங்களைத் தரையில் குறித்துப் பார்த்தால் தேன்கூட்டு ஒழுங்கில் விழுகின்றன. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். தெருக்கள் இல்லாத வெறும் பெட்டியிலும் மூளை முதலில் புள்ளி வைத்துவிடுகிறது. ஓகீஃபுக்கும் மோசர்களுக்கும் 2014இல் நோபல் கொடுத்தார்கள்.

இன்னொன்று. இரவு எத்தனை மணி வரை படிக்கிறீர்கள்? பகலில் ஓடிய எலியின் இடச் செல்கள், அது தூங்கும்போது திரும்பவும் சேர்ந்து துடிப்பதை 1994இல் பார்த்தார்கள். வழியை மூளை தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. இரண்டு மணி வரை ஒப்புவித்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால், ஓட்டிப் பார்க்க நேரம் எங்கே?

எதிர்க்கேள்வி எழுதியது:

லண்டன் டாக்சி ஓட்டுநர் மூளை என்று 25 வருடமாக ஒரே கதையைச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். இயல்பிலேயே அந்தப் பகுதி பெரிதாக உள்ளவர்கள்தான் இந்தப் படிப்பில் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஏன் இருக்கக் கூடாது? கூடைப்பந்து ஆடினால் உயரம் வளரும் என்று சொல்வது போல இருக்கிறது.

மின்முனை எழுதியது:

நியாயமான சந்தேகம். அதே சந்தேகம் மக்வாயருக்கும் இருந்திருக்கிறது. 2000இல் வந்த முதல் ஆய்வில் 16 ஓட்டுநர்களை 50 பேரோடு ஒப்பிட்டார்கள். ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது, வருடம் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது. ஆனால் எது முட்டை, எது கோழி என்று அதில் தெரியாது. 2006இல் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். அதே நகரம், அதே நெரிசல், அதே நாள் முழுக்க உட்காருதல். ஆனால் பேருந்துக்கு நிரந்தரத் தடம். பின்பகுதி டாக்சி ஓட்டுநருக்குத்தான் பெரிது. பிறகு நாலெட்ஜ் படிக்கச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வருடம் காத்திருந்தார்கள். 39 பேர் தேறினார்கள். தொடக்கத்தில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடிவில் தேறியவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. இது 2011.

ஆக, கூடைப்பந்து உதாரணம் இங்கே பொருந்தவில்லை. எது வளர்கிறது, புதுச் செல்லா, கிளையா, அவற்றைச் சுற்றியுள்ள வேறு ஏதாவதா என்று ஸ்கேன் படம் சொல்லாது. இன்னொரு பக்கத்தைச் செய்தித்தாள்கள் எழுதுவதே இல்லை. அதே ஓட்டுநர்களுக்கு முன்பகுதி மற்றவர்களைவிடச் சிறியது. சிக்கலான ஒரு படத்தைக் காட்டி, அரை மணி கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் மற்றவர்களைவிடத் தடுமாறினார்கள். வீட்டில் ஓர் அறையை இழுத்துக் கட்டினால் திண்ணை குறுகுகிறது.

வயதைப் பற்றித் தம்பி கேட்டாரே, அந்த 79 பேரும் வளர்ந்த ஆட்கள்தான். 44 ஒரு சாக்கு.

தென்மேற்கு எழுதியது:

அண்ணா, நான் மொழியியல் மாணவி, ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நீங்கள் எழுதிய ரன்னைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இடம், வலம், நேரே. அதில் ஒரு திசைகூட இல்லை. இடமும் வலமும் உங்கள் உடம்போடு ஒட்டியவை. நீங்கள் திரும்பி நின்றால் அவையும் திரும்பிவிடும். அதனால்தான் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் பாட்டு வருகிறது என்று எனக்குப் படுகிறது.

எங்கள் மதுரைப் பக்கத்திலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. எரிக் பெடர்சன் என்கிற மொழியியலாளர் தொண்ணூறுகளில் செய்தார். மேசையில் பொருட்களை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளை நேரெதிர்ப் பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில் அதேபோல அடுக்கச் சொல்வது இந்த வகைச் சோதனை. வடக்கு, தெற்கு என்று பேசிப் பழகிய கிராமத்து ஆட்கள் திசையை வைத்து அடுக்கும் போக்கு உடையவர்கள். இடம், வலம் என்று பேசும் நகரத்து ஆட்கள் தங்கள் கையை வைத்து அடுக்குவார்கள். இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ்தான்.

என் பாட்டி இன்றைக்கும் "அந்த மேலப்பக்கத்து டம்ளரை எடு" என்றுதான் சொல்வார். அடுப்படியில் நின்றுகொண்டு! ஒரு முறை நான் முழித்தபோது, "திக்குத் தெரியாதவளை எவன் கட்டுவான்" என்று கேட்டார். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?

தலை எந்தத் திக்கைப் பார்க்கிறதோ அதற்கென்று தனிச் செல்கள் எலியின் மூளையில் உண்டு என்று படித்திருக்கிறேன். மின்முனை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

மின்முனை எழுதியது:

உண்டு. ஜேம்ஸ் ராங்க் 1984இல் சொன்னார். தலை ஒரு பக்கம் பார்த்தால் ஒரு செல், வேறு பக்கம் திரும்பினால் வேறு செல். பெண்ணே, நீ சொன்ன திசை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தம்பியின் சிக்கலுக்கு நான் எழுதிய அவ்வளவையும்விட இது நேராகப் போய் ஒட்டுகிறது.

நெல்லியடியான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்க்க மூன்று கிழமை எடுத்துக்கொண்டேன்.

முதலில் தங்கைக்கு. ஆம், அம்மா அப்படித்தான் சொல்லுவார். வடக்கு வேலி, தெற்கு வேலி, கிழக்கால போகிற ஒழுங்கை. கிணறு வளவின் வடகிழக்கில் இருந்தது என்று இப்போதும் யோசிக்காமல் சொல்லுவேன். லண்டனில் என் சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்று உங்கள் பதிவைப் படித்த பிறகு வாசலில் நின்று சூரியனைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். 16 வருடம் குடியிருக்கும் வீடு.

பிறகு பச்சை வில்லை அண்ணா சொன்னபடி சுவரில் படத்தை ஒட்டி நூல் பிடித்தேன். மனைவி துணி தைக்க வைத்திருந்த சிவப்பு நூல். இப்போது கொப்பியில் இடம், வலம் என்று எழுதுவதற்குப் பக்கத்தில் கி, மே, வ, தெ என்று இன்னொரு நிரலும் எழுதுகிறேன். கூடப் படிக்கும் சோமாலி நண்பரோடு தொலைபேசியில் ரன் ஒப்புவிக்கும்போது, நான் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அவர் நிறுத்தி, வடக்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அடுத்தது என் முறை. முதல் கிழமை இரண்டு பேரும் சிரித்தே செத்தோம், அவ்வளவு பிழை.

மூன்றாவதாக, மொபெட்டில் போய் வேண்டுமென்றே தொலைந்தேன். ஹைபரி பார்க்கிலிருந்து கிழக்கே ஒவ்வொரு தெருவாக உள்ளே போய், படம் பார்க்காமல் திரும்பி வருவது. ஒரு நாள் மழைக்குள் 40 நிமிடம் சுற்றினேன். தேவாலயக் கோபுரம் ஒன்று வலப்பக்கம் இருந்தது, பிறகு இடப்பக்கம் வந்தது, அப்போதுதான் நான் அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. அந்தக் கோபுரம் இனி மறக்காது.

அக்கா, ஒரு கேள்வி. நீங்கள் செல் என்று எழுதுகிறீர்கள், எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலம் என்று படித்தோம். இரண்டும் ஒன்றுதானே? இன்னொன்று, சிறுவயதில் ஊர் வழி சும்மாவே ஏறியது என்றேனே. அது வயதாலா, ஊராலா?

மின்முனை எழுதியது:

ஒன்றுதான். கலம் என்பது எனக்கு ஏனோ பொங்கல் பானையை நினைவூட்டுகிறது, அதனால் செல்லோடு நின்றுவிட்டேன்.

ஊர் என்றே சொல்லத் தோன்றுகிறது. வழி தேடும் கைபேசி விளையாட்டு ஒன்றை 38 நாடுகளில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஆடியதை வைத்து 2022இல் எழுதினார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சிகாகோ மாதிரி சதுரம் சதுரமாக வெட்டிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தெருக்கள் கோணலாக ஓடும் இடத்தில் திணறல். வளைந்து நெளிந்து, திடீரென்று வேலியில் முடியும் ஒழுங்கையில் வளர்ந்த உங்களுக்கு லண்டன் அந்நிய ஊரே இல்லை. நேர்கோட்டில் ஒரு தெருவாவது அங்கே ஓடுகிறதா?

சுவர், வேலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வலிப்புக்காகத் தலைக்குள்ளேயே கருவி பொருத்தப்பட்ட ஐந்து பேரை ஓர் அறைக்குள் நடக்கவிட்டுப் பதிவு செய்ததை 2021இல் எழுதினார்கள். சுவர் ஓரமாக வரும்போது ஹிப்போகாம்பஸ் பக்கத்தில் தீட்டா என்கிற மூளை மின் அலை வலுத்தது. எலிக்கு ஓடும்போது தொடர்ச்சியாக வரும் அலை இது, நமக்கு விட்டுவிட்டுச் சிறு சிறு கொத்தாக வரும். சுவாரசியம் அதில் இல்லை. அவர்கள் உட்கார்ந்துகொண்டு, வேறொருவர் சுவர் ஓரமாக நடப்பதைப் பார்த்தபோதும் அதே அலை வலுத்தது. உங்கள் சோமாலி நண்பர் தொலைபேசியில் தெருத் தெருவாகப் போகும்போது கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் தலைக்குள்ளும் ஏதோ நடக்காமலா இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆய்வு பார்த்தது கண்ணால் காண்பதை, காதால் கேட்பதை இல்லை.

என் சங்கதியும் கேளுங்கள். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. காய்கறிக் கடைக்கு ஒரே வழிதான் தெரியும், முதல் நாள் மகள் காட்டியது. உங்களுக்குப் பெரிய பதில் எழுதிவிட்டு மறுநாள் காலை வேறு தெருவில் திரும்பினேன். முட்டுச் சந்து. நாய் வேறு.

பச்சை வில்லை எழுதியது:

தம்பி, அடுத்த பரீட்சை எப்போது? அதற்கு முன்னால் ஒரு பாயின்ட் கேட்கிறேன், உமது ஊரிலேயே. மண்ணெண்ணெய் வாங்கிய கடையிலிருந்து உமது பள்ளிக்கூடம். பெரிய வீதியில் கால் வைக்கக் கூடாது. பின்னாலிருந்து சொல்லும், பள்ளிக்கூடத்தில் தொடங்கி.

நெல்லியடியான் எழுதியது:

பரீட்சைக்கு இன்னும் 17 நாள், அண்ணா.

பள்ளிக்கூடத்தின் மேற்குப் படலையால் வெளிக்கிட்டு, தெற்கே பனை வேலி ஒழுங்கை. கோயில் கேணியைக் கிழக்குப் பக்கமாக விட்டு, தையல்காரர் வீட்டு முடக்கில் மேற்கே. அங்கே ஒரு நாவல் மரம். மரத்தைத் தாண்டித் தெற்கே இரண்டாவது ஒழுங்கை, முதலாவது போய் வளவுக்குள் முடிந்துவிடும். அதன் முடிவில் கடையின் பின்வாசல். முன்னாலிருந்தும் சொல்லுவேன், நாவல் மரத்தடியிலிருந்தும் சொல்லுவேன். ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

ஹைபரி பார்க்கிலிருந்து கிழக்கே நேற்று ஐந்து பாயின்டில் மூன்று சரி.